டன்னுக்கு ஏழு கிலோ

லுபர்ட் வான் டி காம்ப் "என் தப்புதான்" என்று சொல்லிக் கேட்டவர்கள் நெதர்லாந்தின் பார்னெவெல்ட் வட்டாரத்தில் யாராவது இருந்தால் கையைத் தூக்கலாம். யாரும் தூக்க மாட்டார்கள். பதினேழு வருஷம், இரண்டு வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை, அவர் வீட்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்து காபி குடித்த எனக்கே அந்தப் பாக்கியம் ஒரே ஒரு தடவைதான் கிடைத்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, எரிச்சல்தான் வருகிறது.

நான் ஹெர்மீன். கூட்டுறவுத் தீவன ஆலையில் ஆலோசகராக இருந்தேன். பண்ணை பண்ணையாகப் போய், கறிக்கோழியின் எடையையும் காலையும், அது படுக்கிற கூளத்தையும் பார்த்து, எந்தத் தீவனம், எவ்வளவு, எப்போது மாற்றுவது என்று சொல்கிற வேலை. மற்ற பண்ணைகளில் நான் சொல்வேன், அவர்கள் கேட்பார்கள். லுபர்ட் பண்ணையில் நான் சொல்வேன், அவர் கோதுமை மெல்லுவார்.

நிஜமாகவே மெல்லுவார். நீல ஓவராலின் வலது பாக்கெட்டில் எப்போதும் ஒரு கைப்பிடி கோதுமை கிடக்கும். அவருடைய சொந்த நிலத்துக் கோதுமை. பேச்சில் நான் ஜெயித்துக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து இரண்டு மணியை எடுத்து வாயில் போட்டு, 'கடக்' என்று கடிப்பார். அந்தச் சத்தத்தோடு விவாதம் முடிந்தது என்று அர்த்தம். அறுபத்தோரு வயது, கதவுக்குக் குனிந்து வருகிற உயரம், இரண்டு கொட்டகை, அறுபத்திரண்டாயிரம் கோழி. பிறந்ததும் அந்த முற்றத்தில்தான். ஊரை விட்டு அவர் அதிகம் தள்ளிப் போனது கல்யாணத்துக்குப் பெண் பார்க்க பன்னிரண்டு கிலோமீட்டர்.

அந்தப் பெண் நேல். வீட்டில் இரண்டு பேருக்குமான பேச்சையும் நேல்தான் பேசுவாள். பத்து மணிக்குக் காபி வைப்பாள், தகர டப்பாவைத் திறந்து ஆளுக்கு ஒரு பிஸ்கட் எடுக்க விடுவாள், டப் என்று மூடிவிடுவாள். பதினேழு வருஷத்தில் இரண்டாவது பிஸ்கட்டை நான் அந்த வீட்டில் பார்த்ததில்லை.

லுபர்ட் மன்னிப்புக் கேட்க மாட்டாரே தவிர, தன் தப்பு தெரியாதவர் இல்லை. ஒரு தடவை என் தீவனத்தில் பூசண வாடை அடிக்கிறது என்று முற்றத்தில் வைத்துக் கத்தினார். கடைசியில் பார்த்தால் அவருடைய குதிரின் மூடி சரியாக மூடாமல் மழை இறங்கியிருந்தது. அடுத்த செவ்வாய் நான் கிளம்பும்போது என் கார் முன்மூடி மேல் ஒரு சிவப்பு முட்டைக்கோஸ் உட்கார்ந்திருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. இன்னொரு தடவை வெங்காயத்தாள் மாதிரியான லீக் கீரை ஒரு கட்டு. என்னைப் போன்ற வாயாடிக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார்? காய்கறியை வைத்துக்கொண்டு நான் யாரோடு சண்டை போடுவது?

கோதுமை வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவரை வெறும் வீம்புக்காரர் என்று நினைப்பீர்கள். 2003-ல் பறவைக் காய்ச்சல் வந்து எங்கள் பள்ளத்தாக்கில் கோழிகளையெல்லாம் அழித்தார்கள். நோய் வராத பண்ணைகளிலும் அழித்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம். லுபர்ட்டின் கொட்டகைகள் காலியான மறுநாள் போனேன். என்ன சொல்வதென்று தெரியாமல்தான் போனேன். அவர் வீட்டில் இல்லை. கொட்டகைக்குப் பின்னால் கிடந்த மூன்று துண்டு நிலத்தில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். கோதுமை விதைக்கிறாராம். எங்கள் மணல் பூமியில் மக்காச்சோளமும் புல்லும் வருமே தவிர, கோதுமை யாரும் போடுவதில்லை. ஊரே சிரித்தது. நேல் மட்டும் என்னிடம், "காலி கொட்டகையைப் பாக்க முடியல அவனால. கதவைத் திறக்கறான், சத்தம் இல்ல, மூடிட்டு வந்துடறான். ஏதாவது பண்ணட்டும்னு விட்டுட்டேன்" என்றாள்.

அந்தக் கோதுமை விளைந்தது. பிறகு குஞ்சுகள் திரும்ப வந்ததும் முழுக் கோதுமையைத் தீவனத்தோடு கலந்து போட ஆரம்பித்தார். அது ஒன்றும் ஊரில் இல்லாத வழக்கம் இல்லை. எங்கள் பக்கம் பாதிப் பேர் செய்கிறார்கள், கோழியின் இரைப்பைக்கும் நல்லது. ஆனால் அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. அதில்தான் எங்கள் பதினேழு வருஷச் சண்டையும் இருந்தது.

எங்கள் ஆலை இரண்டு விதமாகத் தீவனம் போடும். ஒன்று முழுத் தீவனம். அதை மட்டும் சாப்பிட்டால் போதும், எல்லாம் அளவாக இருக்கும். அதில் விட்டமினும் தாது உப்பும் கலந்த வெள்ளைப் பொடி டன்னுக்கு ஐந்து கிலோ சேரும். இன்னொன்று கோதுமைத் தீவனம். கோதுமை சேர்க்கிறவர்களுக்காகவே தயாரிப்பது. அதில் அதே பொடி டன்னுக்கு ஏழு கிலோ, புரதமும் உப்பும் அதே விகிதத்தில் கூட. கோதுமை கலந்த பிறகு எல்லாம் அளவுக்கு வந்துவிடும். பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடப் புரியும். லுபர்ட்டுக்குப் புரியாது. அவர் முழுத் தீவனத்தை வாங்கி, அதில் கோதுமையைக் கொட்டுவார். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் சூப்பில் தண்ணீரை ஊற்றிவிட்டு உப்புப் போட மறந்தது மாதிரி.

"இது என் மண்ணுல விளைஞ்சது. இதுல இல்லாத சத்து என்ன உன் மூட்டையில இருக்கு?" என்பார்.

"டி விட்டமின் இருக்கு. துத்தநாகம் இருக்கு, மாங்கனீஸ் இருக்கு, பயோட்டின் இருக்கு. உங்க கோதுமையில மாவுதான் இருக்கு."

"எங்கப்பா காலத்துல கோழிக்கு யாரு பயோட்டின் வாங்கிப் போட்டா?"

"உங்கப்பா காலத்துல கோழி ரெண்டு கிலோ வர மூணு மாசமாச்சு. வாசல்ல வெயில்ல திரிஞ்சுது, புழுவைக் கொத்துச்சு. இது அஞ்சு வாரத்துல அதைத் தாண்டுது, வெயிலையே பாக்கறதில்ல. இந்த உடம்பைத் தாங்கக் காலு வேணுமா, வேணாமா?"

கடக்.

பத்து சதவீதம் போட்டுக்கொண்டிருந்த காலம் வரை கோழிகள் எப்படியோ சமாளித்தன. 2019 கோடையில் விளைச்சல் கொட்டிவிட்டது. குதிர் வழிய வழியக் கோதுமை. லுபர்ட்டுக்குத் தலைகால் புரியவில்லை. முப்பது சதவீதம் போட்டார். இலையுதிர் காலத்து முதல் பேட்சில் மூன்றாவது வாரமே கோழிகள் உட்கார ஆரம்பித்தன. நடக்க வேண்டிய கோழி கூளத்தில் குந்திக்கொண்டே தீவனத் தட்டைக் கொத்துகிறது. உட்கார்ந்தே கிடந்தால் பாதம் புண்ணாகும். அதற்குமேல் துத்தநாகமும் பயோட்டினும் குறைந்த தோல், கேட்கவா வேண்டும்.

பாதப் புண் என்பது எங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. கோழி வெட்டும் ஆலையில் கேமரா வைத்து ஒவ்வொரு பேட்சுக்கும் பாதத்தைப் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். புண் கூடக் கூட மதிப்பெண்ணும் கூடும். எண்பதுக்குள் இருக்க வேண்டும். லுபர்ட்டின் பேட்ச் நூற்றுப் பத்து. அடுத்த பேட்சில் முதலில் ஏற்றிப்போன கொட்டகை நூற்று இருபத்து மூன்று. வெட்டாலையிலிருந்து ரூலோஃப் கடிதம் அனுப்பினான். அவன்தான் இந்தப் பகுதிக்குக் கோழி எடுக்கிறவன், குஞ்சுக்கும் அவன் கையெழுத்துதான். மூன்றாவது பேட்சும் எண்பதைத் தாண்டினால் இனிமேல் குஞ்சு இறங்காது என்று எழுதியிருந்தான். அதாவது காலி கொட்டகை.

கடிதம் வந்த பிறகு லுபர்ட் என்ன செய்தார் தெரியுமா? பாட்டில் வாங்கினார். பண்ணை பண்ணையாகச் சுற்றும் வியாபாரிகள் கஷ்டத்தை மோப்பம் பிடித்துவிடுவார்கள் போலிருக்கிறது. கொட்டகை முன்னறையில் நீலக் கேன், பச்சைக் கேன், மஞ்சள் கேன். கல்லீரல் டானிக், பூண்டுச் சாறு, திரவ விட்டமின், எதையோ பிழிந்த எண்ணெய். எல்லாவற்றையும் இன்னும் ஏற்றாத கோழிகளின் குடிதண்ணீரில் விட்டார்.

அன்றைக்கு எனக்குப் பொறுமை போய்விட்டது. கேன்களுக்கு நடுவில் நின்று கத்தினேன்.

"என்ன பண்றீங்க லுபர்ட்? ஒரு பக்கம் கோதுமையைக் கொட்டி இருக்கற சத்தைக் குறைக்கறீங்க. இன்னொரு பக்கம் அதே சத்தைப் பாட்டில்ல வாங்கி ஊத்தறீங்க. ஒண்ணு கோதுமையை நிறுத்துங்க, இல்ல கோதுமைத் தீவனம் வாங்குங்க. இது ரெண்டுல ஒண்ணு செய்யறதுக்கு உங்களுக்கு என்ன கேடு?"

"மெதுவாப் பேசு. கோழி மிரளுது."

"மிரளட்டும்! எழுந்திருச்சு ஓடற அளவுக்குக் காலு இருந்தா மிரண்டு ஓடட்டும்! அந்த மூலையில பாருங்க, காலை நீட்டிட்டுக் கெடக்கு. அது உங்க கோதுமைதான். உங்க மூணு துண்டு நிலத்தை அதோட கால் மேல வச்சிருக்கீங்க."

அவர் கடிக்கவில்லை. பாக்கெட்டில் கை போனது, வெளியே வரவில்லை. நான் கதவை அறைந்து சாத்திவிட்டுக் கிளம்பினேன். அன்றைக்குக் காபிகூடக் குடிக்கவில்லை.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். மனுஷன் மாறப்போவதில்லை என்று எனக்குத் திட்டவட்டமாகத் தெரிந்தது. தெரிந்தது என்று நினைத்தேன். மூன்றாவது பேட்சுக்குத் தீவனம் பதியும்போது, அவர் கேட்ட முழுத் தீவனத்தை அடித்துவிட்டு, அவரிடம் கேட்காமல் கோதுமைத் தீவனத்தைப் பதிந்தேன். விலை வித்தியாசத்தை என் கையில் இருந்த தள்ளுபடியில் மறைத்தேன். லாரி ரசீதில் குறியீடு மாறியிருக்கும், ஆனால் அவர் ரசீதைப் படிக்கிற ஜாதி இல்லை. ஆணியில் குத்திவிட்டுப் போய்விடுவார். ஆள் மாறாவிட்டால் போகட்டும், கோழியின் காலையாவது காப்பாற்றலாம் என்று கணக்குப் போட்டேன். ரொம்பக் கெட்டிக்காரி என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். ஆலைக்குத் தெரிந்தால் வேலை போகும் என்பதும் தெரிந்துதான் செய்தேன்.

முதல் வாரம் போய்ப் பார்த்தேன், குஞ்சுகள் நன்றாக இருந்தன. அப்போது இன்னும் குஞ்சுத் தீவனம்தான். அடுத்து என் முறை வந்த செவ்வாயில் எனக்குக் காய்ச்சல், போகவில்லை. இருபத்து மூன்றாம் நாள், சனிக்கிழமை மதியம், நேல் போன் செய்தாள்.

"ஹெர்மீன், தண்ணி மீட்டர் எகிறுது. கோழி குடிச்சுக்கிட்டே இருக்கு. கூளம் சொதசொதன்னு ஆயிடுச்சு. அவன் உனக்குப் போன் பண்ண வேணாங்கறான். நீ வா."

போனேன். உள்ளே கால் வைத்ததும் பூட்ஸ் ஒட்டியது. அம்மோனியா கண்ணை எரித்தது. கோழிகள் நன்றாக நடந்தன, கால் உறுதியாக இருந்தது, ஆனால் நடந்தது எல்லாம் ஈரத்தில். ஈரத்தில் நின்றால் பாதம் வெந்துபோகும். உப்பும் புரதமும் அதிகமானால்தான் கோழி இப்படிக் குடிக்கும். கோதுமை கலந்த பிறகு அதிகமாக இருக்கவே கூடாதே என்று எனக்கு மண்டை குடைந்தது.

"கோதுமை எவ்வளவு போடறீங்க?" என்றேன்.

லுபர்ட் கூரையைப் பார்த்தார்.

வெளியே ஓடிப்போய்க் கோதுமைக் குதிரின் தகரத்தை முட்டியால் தட்டினேன். கீழிருந்து கைக்கு எட்டிய உயரம் வரை கிண் என்று ஒரு இடத்திலும் சத்தம் வரவில்லை. முழுக்க நிறைந்திருந்தது. கோதுமையைத் தீவனத்துக்குத் தள்ளும் மோட்டாரின் சுவிட்ச் மேல் கறுப்பு டேப் இரண்டு சுற்று ஒட்டியிருந்தது.

நேல் வாசலில் நின்று, "நீ கத்திட்டுப் போன அன்னிக்கு ரெண்டு மணி நேரம் கொட்டகைக்குள்ளயே இருந்தான். வந்ததும் டேப்பை எடுத்து ஒட்டினான். ஒரு மணி கோதுமை போடல அதுக்கப்புறம். உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னான். மார்க்கு வந்தப்புறம் அவளே தெரிஞ்சுக்கட்டும்னான்" என்றாள்.

பதினேழு வருஷம் கேட்காத மனுஷன் கேட்டிருக்கிறார். கேட்டதை வாயைத் திறந்து சொல்லவில்லை. பதினேழு வருஷம் ஓயாமல் பேசிய நான், அந்த ஒரு விஷயத்தில் வாயைத் திறக்கவில்லை. கோதுமையோடு சாப்பிட வேண்டிய தீவனத்தைக் கோழிகள் இரண்டு வாரமாகத் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

முற்றத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பதிந்தது, மறைத்தது, தள்ளுபடி, எல்லாம். லுபர்ட் என் பக்கம் திரும்பினார்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க ஏன் என்கிட்ட சொல்லல?"

அவர் திரும்பிப் போய் சுவிட்சிலிருந்த டேப்பை நகத்தால் கிழித்தார். "எவ்வளவு?" என்றார். நான் அவரிடம் கோதுமை போடச் சொல்லிக் கெஞ்சுகிற நாள் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் அவரை அடித்திருப்பேன். "முப்பது. முழுசா முப்பது போடுங்க" என்றேன்.

அடுத்த வேலை கூளம். களஞ்சியத்தில் மரச்சீவல் மூட்டைகள் இருந்தன. இரண்டு கொட்டகைக்கும் பரப்ப முழு நாள் ஆகும். நாங்கள் மூன்று பேரும் முதல் கொட்டகையின் பாதி வரை பரப்பியபோது இருட்டிவிட்டது. லுபர்ட் மண்வாரியைச் சுவரில் சாய்த்தார்.

"மீதி திங்கக்கிழமை."

"நாளைக்கு வரேன் நான். காலையிலயே ஆரம்பிச்சா..."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை."

"தீவனம் போடலையா ஞாயித்துக்கிழமை? செத்ததைப் பொறுக்கலையா?"

"தீவனம் போடறது இரக்கம். சீவல் பரப்பறது வேலை."

"ஈரத்துல பாதம் வேகறது இரக்கமா?"

அவர் கையுறையைக் கழற்றினார். நேல் தலையைக் குனிந்துகொண்டாள். நானும் என் கணவரும் கெடுபிடி இல்லாத கிறிஸ்தவ சபை, ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் ஊர் சுற்றுவோம். அவர்கள் 'கறுப்புக் காலுறை' என்று ஊர் சொல்லும் கட்டுப்பாடான சபை, காலையும் மாலையும் கோயில், நடுவில் எந்த வேலையும் கூடாது, தொலைபேசியைக்கூட எடுக்க மாட்டார்கள். மறுநாள் முழுக்க நான் வீட்டில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். அவர் வாயில் பெப்பர்மின்ட் அடக்கிக்கொண்டு பிரசங்கம் கேட்டுக்கொண்டிருப்பார் என்று நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது. என்மேல் வந்த கோபத்தைத்தான் அவர்மேல் திருப்பினேன் என்பது எனக்கும் தெரியும். தெரிந்தால் மட்டும் கோபம் போய்விடுமா?

கோழிகள் வெட்டாலைக்குப் போயின. எடை அருமை, கால் அருமை. பாத மதிப்பெண் எண்பத்தெட்டு.

ரூலோஃப் நேரிலேயே வந்தான். முப்பத்தைந்து வயது, நல்ல பையன்தான், கையில் எப்போதும் ஒரு டேப்லெட். பத்து மணிக்கு அடுப்பங்கரையில் நாலு பேரும் உட்கார்ந்தோம். நேல் காபி ஊற்றினாள், டப்பா சுற்றி வந்தது, நான் ஒன்றை எடுத்தேன்.

"லுபர்ட், கால் இவ்வளவு நல்லா இருந்து பாதம் மட்டும் இப்படின்னா, நடுவுல ஏதோ நடந்திருக்கு," என்றான் ரூலோஃப். "தீவனத்துல கோளாறுன்னா சொல்லுங்க. நான் எழுதிக்கறேன், இந்த பேட்ச் கணக்குல வராது. வசந்தத்துக்குக் குஞ்சு இறக்கலாம்." பிறகு என் பக்கம் திரும்பினான். "உங்க ஆலையில ஏதாச்சும்...?"

வாயில் பிஸ்கட் இருந்தது. அதை விழுங்க எத்தனை நொடி வேண்டும்? அந்த நொடியில் லுபர்ட் பேசிவிட்டார்.

"என் தப்பு."

நேல் காபிக் கெட்டிலை மேஜையில் வைத்துவிட்டாள்.

"எப்பவும் கோதுமை போடறவன் நான். இந்தத் தடவை யார்கிட்டயும் சொல்லாம நிறுத்திட்டேன். ஆலோசகர்கிட்டகூடச் சொல்லல. அதனால வந்தது. என் தப்பு."

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அவர் பொய் சொல்ல மாட்டார். பாதியைச் சொல்லி மீதியை விட்டுவிட்டார், அவ்வளவுதான். விட்ட பாதியில் நான் இருந்தேன், என் வேலை இருந்தது. நேல் என்னையே பார்த்தாள். திட்டுகிற பார்வை இல்லை, காத்திருக்கிற பார்வை. நான் காபியை எடுத்துக் குடித்தேன். அன்றைக்கு அந்த மேஜையில் வாயை மூடிக்கொண்டிருந்தது லுபர்ட் இல்லை, நான்.

"அப்ப சரி. எனக்கு வேற வழி இல்ல, லுபர்ட்," என்று ரூலோஃப் எழுந்தான். லுபர்ட் தலையை ஆட்டிவிட்டுக் கொட்டகைப் பக்கம் போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கதவைத் திறந்தார். வாசலிலேயே நின்றார். மூடிவிட்டு வந்தார்.

நேல் டப்பாவைத் திறந்து என் பக்கம் நகர்த்தினாள். "இன்னொண்ணு எடுத்துக்க, ஹெர்மீன்," என்றாள்.

அதற்குமேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. நாற்காலி கவிழ எழுந்து ஓடினேன். ரூலோஃப் காரைத் திருப்பிக்கொண்டிருந்தான். குறுக்கே போய் நின்று முன்மூடி மேல் கையை வைத்தேன். கண்ணாடியை இறக்கினான். முழுக்கதையையும் மழைத் தூறலில் நின்று சொன்னேன். என் பெயரையும் பதிவு எண்ணையும் டேப்லெட்டில் எழுத வைத்துவிட்டுத்தான் வழிவிட்டேன்.

அடுத்த வாரமே ஆலோசகர் வேலை போனது. ஆலையை விட்டு அனுப்பவில்லை, பொடி நிறுக்கும் அறைக்கு மாற்றினார்கள். முகமூடி போட்டுக்கொண்டு, சீட்டைப் பார்த்து, விட்டமினையும் தாது உப்பையும் டன்னுக்கு இவ்வளவு என்று நிறுத்துக் கொட்டும் வேலை. பேச ஆளில்லாத அறை. எனக்கென்றே கட்டியது போல.

ஒரு சாயங்காலம் வீட்டுப் போன் அடித்தது. லுபர்ட். அவர் எனக்குப் போன் செய்தது அதுதான் முதல் தடவை.

"உன்னை யாரு வாயத் திறக்கச் சொன்னா?"

"என்ன?"

"நான்தான் சொல்லி முடிச்சிட்டேன்ல? முடிஞ்ச விஷயத்துல நடுவுல பூந்து, வேலையக் கெடுத்துக்கிட்டு... உனக்கு மூளை இருக்கா?"

எனக்கும் ஏறிவிட்டது. "பதினேழு வருஷத்துல நீங்க ஒத்துக்கிட்டது ஒரே ஒரு தப்பு. அதுவும் உங்களுது இல்ல. அதை அப்படியே விட்டுட்டுப் போகச் சொல்றீங்களா?"

அந்தப் பக்கம் பாக்கெட்டுக்குள் கை போகிற சரசரப்பு. பிறகு, கடக்.

"குஞ்சு வியாழக்கிழமை இறங்குது," என்றார். "உனக்குப் பதிலா ஒருத்தனை அனுப்பியிருக்காங்க. உன்னை மாதிரியே பேசறான். தலைவலி."

வைத்துவிட்டார். நன்றி இல்லை, மன்னிப்பு இல்லை, எப்படி இருக்கிறாய் என்ற ஒரு கேள்வி இல்லை. முட்டைக்கோஸ்கூட இல்லை. அன்றிரவு முழுக்க என் கணவரிடம் அந்த மனுஷனைத் திட்டித் தீர்த்தேன்.

பத்து நாள் கழித்து, காலை ஷிஃப்டில், நிறுக்கும் அறை ஜன்னலில் ஒரு சீட்டு வந்து விழுந்தது. கோதுமைத் தீவனம், இருபத்து நாலு டன், எல். வான் டி காம்ப். யாராவது மறுபடி அவருக்குத் தெரியாமல் பதிந்துவிட்டார்களோ என்று பயந்துபோய்க் கீழே பார்த்தேன். அவருடைய கையெழுத்துதான், உழவுச்சால் மாதிரி ஆழமாக அழுத்திப் போட்டிருந்தார்.

இதை இரண்டாயிரத்து மூன்றிலேயே போட்டிருந்தால் உங்கள் கை என்ன, உடைந்தா போயிருக்கும், லுபர்ட்? முகமூடிக்குள் வாய்விட்டே கேட்டேன், அங்கே கேட்க யாரும் இல்லை. கண் கரித்தது, பொடி பட்டிருக்கும். தராசைச் சைபரில் வைத்து நிறுக்க ஆரம்பித்தேன். டன்னுக்கு ஐந்து இல்லை, ஏழு.